பூட்டத் தெரிந்தவருக்கே ஆர்டர்

மடக்குக் கத்தித் தொழிலில் பிளேடு தீட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பாகங்களைப் பிசகாமல் பூட்டத் தெரிந்தவர்கள் சிலர்தான். நல்ல விலை அவர்களுக்கே கிடைக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 14 வயதில் பட்டறை ஏறிய ஸ்டான் ஷா, ஒரு கத்தியை முதலிலிருந்து கடைசிவரை தனியாளாகச் செய்வார். 2021-இல் மறைந்த அவருடைய கத்திக்காக வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு நீங்கள் வரவேண்டுமென்றால், கற்க வேண்டியது இது.

1. கோணல் சூட்டில் ஆரம்பிக்கிறது. பிளேடின் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது வளைந்துவிடும். சாய்க்காமல் நேராக இறக்குங்கள். ஆறிய கையோடு டெம்பரிங் (மிதமாக மறுபடி சூடாக்குதல்) செய்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்த பிளேடு விரிசல் விடலாம். பிளேடை அழுத்திப் பிடிக்கும் முதுகு ஸ்பிரிங்குக்குப் பிளேடைவிட அதிகச் சூட்டில் டெம்பரிங் தேவை, இல்லாவிட்டால் ஒடியும்.

2. ரிவெட் அடிக்கும் முன் தற்காலிகப் பின்களைச் செருகிப் பூட்டிப் பாருங்கள். பிளேடு மூடியபோது, பாதி திறந்தபோது, முழுதும் திறந்தபோது ஸ்பிரிங்கின் முதுகு லைனரோடு (கைப்பிடியின் உட்புற உலோகத் தகடு) சமமாக இருக்கிறதா? இல்லையா, அரத்தை எடுங்கள். ரிவெட் இழுத்துச் சரிசெய்துவிடும் என்று நம்புகிறவர்தான் கைப்பிடிக் கொம்பைப் பிளக்கிறார்.

3. இனி ரிவெட். அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான். அடி விழும்போது பின்னின் தலை மட்டும் விரிவதில்லை; துளைக்குள் இருக்கும் உடலும் பருக்கிறது. கைப்பிடியின் எலும்பும் கொம்பும் அந்த அழுத்தத்தில் பிளக்கும். முத்துச்சிப்பி இன்னும் மோசம். அதனால் துளையின் வெளிவாயை மட்டும் டேப்பர் ரீமரால் (கூம்பு வடிவத் துளை அகலப்படுத்தி) சற்று அகலப்படுத்துங்கள். ரிவெட் பின் தன் பருமனில் பாதியளவு வெளியே நீட்டினால் போதும். சின்னச் சுத்தியல், லேசான தட்டல், சுற்றிச் சுற்றி. சில தட்டுக்கு ஒருமுறை கத்தியைத் திருப்பி மறுபக்கம் தட்டுங்கள். பிளேடு சுழலும் பின்னை அடிக்கும்போது பிளேடுக்கும் லைனருக்கும் நடுவே பிளவு வெட்டிய மெல்லிய பித்தளைத் தகட்டைச் செருகிவையுங்கள். அடித்து முடித்து அதை உருவினால் பிளேடு இறுகாமல் சுழலும்.

4. பாலிஷ் போடும்போது கையுறை வேண்டாம். விரல் தாங்காத சூட்டைக் கொம்பும் தாங்காது, நிறுத்தி ஆறவிடுங்கள். கொம்பு ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும். வாங்கியதும் ஒட்டாமல் சில வாரம் பட்டறையிலேயே கிடக்கட்டும். இந்தியாவில் வேலை செய்கிறவர்கள் எருமைக் கொம்போடு நிற்க வேண்டும். மான்கொம்பு வியாபாரம் இங்கே சட்டப்படி குற்றம்.

முத்துச்சிப்பியையும் எலும்பையும் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

வேலை கேட்டுப் போகும்போது ஒரேயொரு கத்தியை எடுத்துப் போங்கள். அனுபவசாலி அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஸ்பிரிங்குக்கும் லைனருக்கும் இடையே ஒளி கசிகிறதா என்று பார்ப்பார். பிறகு திறந்து மூடி, சத்தம் கேட்பார். ‘டக்’ என்று சுத்தமாக விழுந்தால் சம்பளப் பேச்சை நீங்கள் ஆரம்பிக்கலாம்.