தாத்தாவும் மருதம்பட்டையும்

அன்புள்ள தமிழினி,

தாத்தா இதய மாத்திரைகளை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயம் மட்டும் குடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் பதறிப்போனேன். அந்தப் பட்டை வீண் என்பதால் அல்ல; நான் மிகவும் மதிக்கும் மரம் அது.

மருதம்பட்டை தரும் வெண்மருது ஆற்றங்கரை மரம். திருவிடைமருதூர்க் கோயிலின் தலமரமும் மருதுதான். வழவழப்பான வெளிர்பட்டை செதில் செதிலாக உரியும், உட்புறம் இளஞ்சிவப்பு. கருமருதின் பட்டையோ கறுத்து, முதலைத் தோல்போல் வெடித்திருக்கும். பொடியாக்கிவிட்டால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதனால் நாட்டு மருந்துக் கடையில் பட்டையாகவே கேட்டு வாங்குவது நல்லது.

பழைய ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் காலந்தொட்டு இதய நோய்க்கு வெண்மருதின் பட்டை சொல்லப்படுகிறது. பட்டையைப் பாலும் நீரும் சேர்த்துக் காய்ச்சி, நீர் வற்றியதும் வடிகட்டித் தருவது ஆயுர்வேத முறை. நாக்கில் தெரியும் துவர்ப்பு டானின்களால் வருவது. அர்ஜுனாலிக் அமிலமும் ஃபிளேவனாய்டுகளும் அதில் உண்டு.

பலன் தருமா என்று கேட்டிருக்கிறாய். மருந்துக்குக் கட்டுப்படாத இதயச் செயலிழப்பு கொண்ட 12 பேருக்கு, பட்டைச் சாரத்தை 500 மில்லிகிராம் வீதம் எட்டு மணிக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்த இந்தூர் ஆய்வு 1995இல் வந்தது. அவர்களுக்கு மூச்சுத்திணறலும் சோர்வும் குறைந்தன. 2016இல் வெளியான தில்லி எய்ம்ஸ் ஆய்வில் 100 பேர். 12 வாரம் கொடுத்தும், இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் கூடவில்லை. எண்ணிக்கை அதிகம் என்பதால் என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. ஆனால் தாத்தாவிடம் நீ சொல்ல வேண்டியது வேறு: இரண்டு ஆய்விலும் பட்டையை வழக்கமான மருந்துகளோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மாத்திரைக்குப் பதிலாக யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் சொன்னால் கேட்கமாட்டார். பேத்தி சொன்னால் கேட்பார். கஷாயம் குடிக்க விரும்பினால் முதலில் இதய மருத்துவரிடம் சொல்லட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நீயே சீட்டைப் பார். அப்படியானால் கேட்காமல் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. நெஞ்சில் பாரமோ, இடது கையில் வலியோ, திடீர் வியர்வையோ வந்தால் கஷாயத்துக்கு அடுப்பைப் பற்றவைக்காதே, 108ஐக் கூப்பிடு.

இன்னொன்று. வாய்க்கால் கரை மரத்தில் பட்டை எடுப்பதானால், முதிர்ந்த மரத்தில், ஒரு பக்கத்தில் மட்டும், மேல்பட்டையை எடுக்கச் சொல். சுற்றிலும் உரித்தால் இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்காமல் மரம் பட்டுப்போகும்.

அன்புடன்,
அத்தை