மேலே பணம் வந்தாதான் கீழே பணமா?

கான்ட்ராக்ட் மேனேஜ்மென்ட் பேப்பர்ல சப்-கான்ட்ராக்ட் என்ற தலைப்பை ரெண்டு மார்க் கேள்வியாகப் படிச்சிட்டு நகர்ந்துடுவோம். ஆனா சைட்டுக்குப் போனதும் முதல்ல கைக்கு வர்றது பெரும்பாலும் இந்தக் காகிதம்தான். பைலிங், எலக்ட்ரிக்கல், பிளம்பிங், வாட்டர்ப்ரூஃபிங் எல்லாம் துணை ஒப்பந்ததாரர்கள் செய்யும் வேலைகள்தானே.

அடிப்படை ஒண்ணு. கட்டடத்தின் உரிமையாளருக்கும் துணை ஒப்பந்ததாரருக்கும் நேரடி ஒப்பந்தம் கிடையாது. நடுவில் மெயின் கான்ட்ராக்டர் நிற்கிறார். அவர் பணம் தரலைன்னா "நீங்க கொடுங்க" என்று உரிமையாளர் வாசலில் போய் நிற்க ஒப்பந்தப்படி வழியில்லை.

சர்வதேச வேலைகளில் அதிகம் அடிபடும் பெயர் ஃபிடிக். 1913-ல் தொடங்கிய, ஜெனீவாவில் இயங்கும் ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பு. அதன் 'ரெட் புக்' மெயின் கான்ட்ராக்டுக்கானது. அதோடு சேர்த்துப் பயன்படுத்த 1994-ல் ஒரு துணை ஒப்பந்தப் படிவம் வந்தது. 1999 ரெட் புக்குக்கு ஏற்றது 2011-ல் வந்தது.

இந்தப் படிவங்களின் உயிர்நாடி 'பேக் டு பேக்'. மெயின் கான்ட்ராக்டரின் கடமைகளை, தன் வேலைக்குப் பொருந்தும் அளவுக்கு, துணை ஒப்பந்ததாரர் அப்படியே தலையில் ஏற்றிக்கொள்கிறார். மெயின் கான்ட்ராக்டின் சம்பந்தப்பட்ட பகுதிகள் அவருக்குத் தெரியும் என்றே படிவம் எடுத்துக்கொள்ளும். விலை விவரத்தைத் தவிர மற்றதைப் பார்க்கக் கேட்கலாம். கேட்காமலே கையெழுத்துப் போடுறவங்கதான் அதிகம்!

நாள் கணக்கு இன்னும் சுவாரசியம். 1999 ரெட் புக்கில் மெயின் கான்ட்ராக்டர் தன் க்ளெய்முக்கு 28 நாளுக்குள் நோட்டீஸ் தரணும். 2011 துணைப் படிவத்தில் அதுவே 21 நாள். மார்ச் 1-ம் தேதி ஒரு தாமதம் இருவருக்கும் தெரியவந்தால், துணை ஒப்பந்ததாரருக்கு மார்ச் 22 வரை, மெயின் கான்ட்ராக்டருக்கு மார்ச் 29 வரை. நடுவில் இருக்கும் அந்த 7 நாள், கீழிருந்து வந்த நோட்டீஸை மேலே அனுப்புவதற்காக. 'எனக்கும் 28 நாள்தானே' என்று இருந்தால் பணம் கேட்கும் உரிமையே கைவிட்டுப் போகலாம்.

இனிதான் தலைப்புக்கு வர்றேன். 'பே வென் பெய்ட்': எனக்கு மேலிருந்து வந்தா உனக்குத் தர்றேன். இந்த 'வந்தா' என்பது காலத்தைச் சொல்லுதா, நிபந்தனையைச் சொல்லுதா? 1962-ல் அமெரிக்க ஆறாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு டயர் எதிர் பிஷப் வழக்கில் இதே கேள்வி வந்தது. கென்டக்கியில் ஒரு குதிரைப் பந்தய மைதானம், பிளம்பிங் வேலையும் முடிந்துவிட்டது, உரிமையாளரோ திவால். உரிமையாளரிடமிருந்து பணம் வந்து 5 நாள் கழித்துத்தான் தருவோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அது பணம் தரும் நேரத்தை நியாயமான அளவுக்குத் தள்ளிப்போடும் வரிதான். உரிமையாளர் நொடித்துப்போகும் ஆபத்தை பிளம்பிங்காரர் தலையில் கட்டும் வரி அல்ல என்றது நீதிமன்றம். அப்படிக் கட்டணும்னா ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கணும். அப்படித் தெளிவாக எழுதுவதுக்குப் பெயர்தான் 'பே இஃப் பெய்ட்'. ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனா ஒரு சின்ன கம்பெனியே மூழ்கிப்போகலாம். 1995-ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வகையைப் பொதுநலனுக்கு விரோதம் என்று செல்லாததாக்கியது.

பிரிட்டன் 1996 சட்டத்தில் இத்தகைய நிபந்தனைகளுக்குத் தடை போட்டது. மேலே பணம் தரவேண்டியவர் திவாலானால் மட்டும் விலக்கு. (அந்த விலக்குதான் எனக்கு உறுத்துது, ஆபத்து மிகப் பெரிசா இருக்கும் நேரத்திலேயே குடையை மடக்கிடுறாங்களே.) சிங்கப்பூர் 2004-லும் மலேசியா 2012-லும் தனிச் சட்டங்கள் கொண்டுவந்தன. கட்டுமானத் துறைக்கென்று இப்படி ஒரு தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

அதனால துணை ஒப்பந்தம் கைக்கு வந்தா, பொது நிபந்தனைகளுக்கு முன்னாடி 'சிறப்பு நிபந்தனைகள்' பக்கத்தைப் புரட்டுங்க. படிவத்தில் நியாயமாக இருந்த பணப் பட்டுவாடா வரியை மாற்றி எழுதியிருந்தா, அந்தப் பக்கத்தில்தான் எழுதியிருப்பாங்க.