ருவாண்டாவின் காப்பிச் சங்கங்கள்: முதலீடு எங்கே தேவைப்பட்டது?

போரினால் நலிந்த நாட்டில் பணத்தை எதில் இடுவது என்னும் வினாவுக்கு, ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா நாட்டின் காப்பி விவசாயிகளது வரலாறு தக்கதொரு பாடமாகும். 1994ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கு நிகழ்ந்த இனப்படுகொலையில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். தோட்டங்கள் பேணுவாரின்றிக் கிடந்தன. மரங்கள் உயர்ந்த போர்பன் இனத்தவையே. ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் பழத்தின் தோலை வீட்டிலேயே நீக்கி, கிடைத்த நீரில் கழுவி உலர்த்தியதால், தரம் ஒரு சீராக அமையாது கடைத்தர விலையே கிட்டியது.

1999இல் நாட்டின் தென்பகுதியிலுள்ள மராபாவில் விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். ஒரே நோக்குடன் கூடி உழைப்போர் என்பது அதன் பெயரின் பொருள். அமெரிக்க உதவியுடனும் ருவாண்டா தேசியப் பல்கலைக்கழகத்தின் துணையுடனும் 2001இல் காப்பிப் பழம் கழுவும் நிலையம் ஒன்றை நிறுவினர். மறு ஆண்டே லூசியானா மாகாணத்து நிறுவனம் ஒன்று அவர்களது காப்பியை நேரடியாக வாங்கிற்று.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். பறித்த பழம் அன்றே நிலையத்தை அடையாவிடில் புளித்துச் சுவை கெடும். ஆகவே விவசாயிக்கு ரொக்கமும் அன்றே தர வேண்டும். ஆனால் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, வலைமேடைகளில் உலர்த்தி, கப்பலேற்றிய காப்பிக்குரிய பணம் சில மாதங்கள் கழித்தே வருகிறது. தறியிருந்தும் நூல் வாங்கப் பணமின்றி நிற்கும் நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

2000இல் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த நிலையங்கள் 2010இல் ஏறத்தாழ 200 ஆயின. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பணம் கிடைத்தது. பழம் வாங்கும் நடைமுறை மூலதனத்துக்கோ கிடைப்பது அரிதாயிற்று. நிலையங்கள் பல முழுத் திறனுக்குக் குறைவாகவே இயங்கின. ரொக்கம் நீட்டிய வணிகரிடம் பழம் சென்றது; சங்கங்கள் சில கடனில் ஆழ்ந்தன.

2016இல் அரசு வட்டாரங்களை வகுத்து, விவசாயி தன் வட்டார நிலையத்துக்கே விற்க வேண்டுமென விதித்தது. இது விளைவிப்போனைவிட நிலைய உடைமையாளனையே அதிகம் காத்தது என்பது நம் கருத்து. 2023இல் அவ்விதி நீக்கப்பட்டது.

வெளிநாட்டு வணிகருடன் செய்த கொள்முதல் ஒப்பந்தத்தையே ஈடாக ஏற்று, பறிப்புக் காலத்துக்கு முன் கடன் வழங்கும் நிறுவனங்களும் அங்கு உண்டு. ஈடு காட்ட வேறு சொத்தில்லாத சிறு சங்கத்துக்கு அந்தத் தாளே சொத்து. முதல் ஒப்பந்தம் கைக்கு வரும் வரையிலோ, அங்கத்தினரின் பங்குப் பணத்தைக் கொண்டே அது பழம் வாங்கியாக வேண்டும்.