சுகாதாரப் பாடம்: வயிற்றுக்குள் போகும் கமராக் குழாய்

காலையில் தோட்டத்து டிஸ்பென்சரியில் போய் உட்கார்ந்து பார்த்தால், வருகிறவர்களில் பலர் சொல்வது ஒரே சங்கதிதான். "வயிறு எரியுது, நெஞ்சைக் கரிக்குது, கேஸ் மாதிரி இருக்கு." நாலு குளிசையை வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். விடியக்காலை வெறும் சாயத்தண்ணி, பிறகு ஒரு துண்டு ரொட்டி, கொழுந்து நிறுத்த பிறகுதான் சோறு என்று ஓடுகிற பிழைப்பில் இந்த எரிச்சலை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது பெரிய நோயும் அல்ல. ஆனால் சிலருக்கு அது வேறொன்றாக இருக்கும். அந்தச் சிலர் யார் என்பதை வயிற்றை அமுக்கிப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்குத்தான் எண்டொஸ்கோப்பி என்று பெயர். நம் ஆட்கள் 'கமரா விடுறது' என்பார்கள். பெரியாஸ்பத்திரியில் திகதி கொடுத்தும் பயத்தில் போகாமல் இருந்துவிட்ட பலரை நாங்கள் அறிவோம். அதனால்தான் இந்த இதழில் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

மனிதன் உயிரோடு இருக்கும்போதே அவன் இரைப்பைக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை பழையது. 1868 இல் ஜெர்மனியில் குஸ்மவுல் என்ற வைத்தியர், வாள் விழுங்கி வித்தை காட்டுகிற ஒருவரைப் பிடித்து, நேரான உலோகக் குழாயை விழுங்க வைத்துப் பார்த்தார். சாதாரண மனிதருக்கு அது ஆகிற காரியமா? வளைந்து கொடுக்கும் கண்ணாடி நார்க் குழாய் வந்தது 1957 இல்தான். அதைச் செய்த ஹிர்ஷோவிட்ஸ் என்ற வைத்தியர் முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்கு விட்டார். இன்றைய குழாய் சுண்டுவிரல் பருமன் இருக்கும். நுனியில் சிறிய கமராவும் வெளிச்சமும் உண்டு. உள்ளே தெரிவது டிவி மாதிரி ஒரு திரையில் விழும். குழாய்க்குள்ளேயே இன்னொரு துவாரம் இருக்கிறது. அதன் வழியாக ஊசி, கிளிப், இடுக்கி எல்லாம் உள்ளே அனுப்பலாம். ஆகவே இது பார்ப்பதற்கு மட்டுமான கருவி அல்ல, வயிற்றைக் கீறாமலே வைத்தியமும் செய்யலாம்.

அன்றைக்கு என்ன நடக்கும்?

முதல் நாள் இரவு சாப்பாட்டோடு சரி. காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம் என்பதைத் திகதி தரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றிலை அன்றைக்கு வேண்டவே வேண்டாம். தொண்டையில் கசப்பான ஒரு மருந்தை அடிப்பார்கள், தொண்டை மரத்துப்போகும். இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் ஒரு வளையத்தைக் கடிக்கச் சொல்வார்கள். சிலருக்குத் தூக்க ஊசியும் போடுவார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும்போது ஓங்கரிக்கும், கண்ணில் தண்ணி வரும், எச்சில் வடியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "மூச்சு அடைச்சிரும்" என்று பயப்படுகிறார்கள். குழாய் போவது சாப்பாடு போகிற வழியில், மூச்சுக் குழல் வேறு வழி. மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கலாம். பார்ப்பது மட்டும் என்றால் ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தொண்டை மரப்பு போகும் வரை எதுவும் குடிக்கக்கூடாது, புரையேறிவிடும். தூக்க ஊசி போட்டிருந்தால் கூட ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கு மலையில் இறங்குவதோ கவ்வாத்துக் கத்தி பிடிப்பதோ கூடாது. சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம், இரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற குளிசை, ஆடுகிற பல், கட்டுப்பல், கர்ப்பம் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புண்ணும் இரத்தமும்

குடற்புண் என்றால் காரமும் பட்டினியும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வொரன், மார்ஷல் என்ற இரு வைத்தியர்கள் 1982 இல் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். ஹெலிக்கோபக்டர் பைலோரி என்று அதற்குப் பெயர். யாரும் நம்பாததால் 1984 இல் மார்ஷல் அந்தக் கிருமியையே கரைத்துக் குடித்து, தன் இரைப்பை அழற்சியைத் தானே காட்டினார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி இருப்பது தெரிந்தால் அமிலத்தைக் குறைக்கும் குளிசையோடு கிருமிக்கான மருந்துகளையும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாட்களுக்குத் தருவார்கள். நாலாம் நாள் எரிச்சல் நின்றதும் மருந்தையும் நிறுத்திவிட்டால் கிருமி சாகாது.

நம் தோட்டங்களில் இன்னொரு காரணத்தையும் கட்டாயம் சொல்ல வேண்டும். கூடை சுமந்து முதுகும் முட்டியும் வலிக்கிறது என்று கடையில் டைக்ளோபெனாக், ஐபுரூபன் வாங்கி வெறும் வயிற்றில் போடுகிறார்கள். இவை இரைப்பையின் காப்புத் தோலைக் கெடுத்துப் புண்ணாக்கும். வலிக்கு எது போடலாம் என்பதை டிஸ்பென்சரியில் கேட்டுப் போடுங்கள்.

புண் இரத்த நாளத்தை அரித்துவிட்டால் கோப்பித்தூள் மாதிரி வாந்தி வரும், அல்லது மலம் தார் மாதிரிக் கறுத்து, ஒட்டி, கெட்ட வாடையோடு போகும். இரும்புச் சத்துக் குளிசை போடுகிற பெண்களுக்கும் மலம் கறுக்கும், அது வேறு. ஆனால் எது எது என்று லயத்தில் உட்கார்ந்து நாமே தீர்மானிக்கக்கூடாது. தலைசுற்றல், வியர்வை சேர்ந்து வந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகவே ஊசி போட்டோ, கிளிப் மாட்டியோ இரத்தத்தை நிறுத்திவிடுவார்கள். இரைப்பையில் புண் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்பவும் பார்ப்பது வழக்கம். ஆறாத புண் சில வேளை புற்றுநோயாக இருக்கும், அதற்காகத்தான் அந்த இரண்டாவது திகதி.

ஈரல் கெட்டவர்களுக்கு

சாராயம், கசிப்பு என்று வருடக்கணக்கில் குடித்தால் ஈரல் தழும்பேறி இறுகிப்போகிறது. குடிக்காதவர்களுக்கும் சீனி வருத்தத்தாலோ ஈரலில் கொழுப்பு படிவதாலோ இது வரும். ஆகவே ஈரல் வருத்தம் என்றதும் "குடிகாரன்" என்று முத்திரை குத்துவது சரியல்ல. குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் புகுந்துதான் மேலே போக வேண்டும். கானில் மண் அடைத்தால் மழைத்தண்ணி ரோட்டில் பாய்கிற மாதிரி, ஈரல் இறுகினால் அந்த இரத்தம் பக்கத்து நரம்புகளில் பாயும். களத்தின், அதாவது உணவுக்குழாயின், அடிப்பாகத்து நரம்புகள் வீங்கிப் புடைத்துக்கொள்ளும். வலி இருக்காது. ஒருநாள் வெடிக்கும், சட்டி சட்டியாக இரத்தம் வாந்தி வரும். பேச்சுக்கு நேரமில்லாத வருத்தம் இது.

இதற்குச் செய்யும் வைத்தியம் சின்ன இறப்பர் வளையம். குழாயின் நுனியில் ஒரு மூடி மாட்டி, புடைத்த நரம்பை அதற்குள் உறிஞ்சி, வளையத்தைக் கழுத்தில் இறுக்கிவிடுகிறார்கள். சில நாளில் அது காய்ந்து உதிரும். நெஞ்சில் இரண்டொரு நாள் வலி இருக்கலாம். ரொட்டியை விட்டுக் கஞ்சி மாதிரி மெதுவான, ஆறிய சாப்பாடாகச் சாப்பிட வேண்டும். ஒரே தடவையில் எல்லா நரம்பும் அடங்காது. இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு தடவை கட்டி, அடங்கிய பிறகும் சில மாதத்தில் ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். முதல் தடவை கட்டியதும் இரத்தம் நின்றது, உடம்பு தெம்பாகிவிட்டது, "இனி எதுக்கு ஒரு நாள் பேரை விட்டுக் கண்டிக்குப் போகணும்?" என்கிறார்கள். அடுத்த தடவை வெடிக்கும்போது தோட்டத்து லொறி ரோட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். இரத்த அழுத்தத்துக்குத் தருகிற புரொப்ரனொலோல் மாதிரிக் குளிசையை இவர்களுக்கும் தருவார்கள், அது அந்த நரம்பின் அழுத்தத்தைக் குறைக்க. "எனக்குப் பிரஷர் இல்லையே" என்று நிறுத்திவிடாதீர்கள்.

சாப்பாடு இறங்காவிட்டால்

முதலில் ரொட்டி நிற்கும், பிறகு சோறு நிற்கும், கடைசியில் கஞ்சியும் இறங்காது. இப்படி வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது. சூடு பிடித்தது என்று நாட்டு மருந்தோடு மாதங்களைக் கழித்துவிட்டு, எலும்பும் தோலுமாகப் போகிறவர்களைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லுவது வாய், தொண்டை, களம் மூன்றிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டது. 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற எந்தப் பானமும் களத்துக்கு ஆபத்தாக இருக்கக்கூடும் என்று 2016 இல் சொன்னது. தேயிலை குற்றவாளி அல்ல, சூடுதான். கொஞ்சம் ஆறவைத்துக் குடிப்பதில் நட்டமில்லை.

இரத்தச்சோகை உள்ள பெண்களில் சிலருக்குக் களத்தின் மேற்பாகத்தில் மெல்லிய சவ்வு ஒன்று வளர்ந்து சாப்பாட்டைத் தடுக்கும். இது புற்றுநோய் அல்ல. குழாய் விட்டு அந்தச் சவ்வை விரித்துவிட்டு, இரும்புச் சத்தும் கொடுத்தால் சுகமாகும். ஆனால் இவர்களுக்குப் பிற்காலத்தில் அந்த இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் கிளினிக்கை விடக்கூடாது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேருவது குறையும், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

"சதை எடுத்தா நோய் பரவிடும்" என்கிறார்களே, அது பொய். எடுப்பது அரிசிமணியிலும் சின்ன துண்டு, வலிக்காது. அந்தத் துண்டு இல்லாமல் என்ன நோய் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் சிலருக்குக் குழாய் வழியாகவே நோயை அகற்றிவிடலாம். முற்றிய பிறகு வந்தால், கஞ்சியாவது இறங்கட்டும் என்று கம்பிவலைக் குழாய் ஒன்றை உள்ளே வைப்பார்கள்.

கண்டி, பேராதனை, பதுளை போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும், அது எங்களுக்கும் தெரியும். கொடுத்த திகதியில் போக முடியாவிட்டால் சும்மா இருந்துவிடாமல் வேறு திகதி கேளுங்கள். கொப்பியில் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ எழுதியிருந்தால், "அடுத்து எப்ப வரணும், எதுக்கு வரணும்?" என்று நர்ஸிடம் கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டு தமிழில் எழுதி வையுங்கள். கமரா அறிக்கையும் சதைப் பரிசோதனை அறிக்கையும் கிளினிக் கொப்பியோடு ஒரு பொலித்தீன் பைக்குள், பிறப்புச் சான்றிதழ் வைக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கூரை ஒழுகி எழுத்து அழிந்துவிட்டால், அடுத்த தடவை பார்க்கிற வைத்தியருக்குப் பழைய புண் எங்கே இருந்தது, எத்தனை வளையம் போட்டது என்பது தெரியாமல் போய்விடும்.