விற்பனையாளரின் சொல்லும் சங்கத்தின் செல்வாக்கும்

இரண்டு கடைகளில் விலை வேறுபட்டால், மக்கள் மலிவான கடையை நாடுவது இயல்பு. விலை ஒன்றாகவே இருந்தால் வாடிக்கையாளரை ஈர்ப்பது எது? விற்பவருடைய நடத்தையே ஆகும்.

இதற்கு யூரியா உரம் தக்க சான்று. 45 கிலோ மூட்டைக்கு 266 ரூபாய் 50 காசு என்பது அரசு விதித்த உச்ச விலை. கூட்டுறவுச் சங்கமாயினும் தனியார் கடையாயினும் அதற்கு மேல் பெறலாகாது. ஆகவே, விலையைக் குறைத்து உறுப்பினரைக் கவர்வதற்குச் சங்கத்திற்கு இடம் குறைவு. சொல்லாலும் செயலாலும் கவரலாம்.

உரம் வாங்குவோர் கருவியில் விரல்ரேகை பதிக்க வேண்டியுள்ளது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை எளிதில் பதிவதில்லை. "பதியவில்லை, நாளை வாரும்" என்று கூறும் விற்பனையாளரும் உண்டு. "கையைக் கழுவித் துடைத்து, வேறு விரலை வையுங்கள், ஐயா" என்று உதவுபவரும் உண்டு. முன்னவரிடம் ஒரு நாள் வேலையை இழந்து திரும்பிய விவசாயி, மறுமுறை அக்கடையின் படி ஏறத் தயங்குவார். தம் அண்டை வயற்காரரிடமும் அதைச் சொல்வார்.

விற்பனையாளர் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. உறுப்பினரைப் பெயரறிந்து, மரியாதையுடன் அழைத்தல். சிறு விவசாயிக்கும் பெருநிலக்காரருக்கும் ஒரே வரிசை.

2. விவரம் கூறுதல். 2018-ஆம் ஆண்டு மூட்டையின் எடை 50 கிலோவிலிருந்து 45 ஆகக் குறைந்தது. ஆதலால் ஒரு மூட்டையில் உள்ள தழைச்சத்து 23 கிலோ அன்று, 20.7 கிலோவே என்பதை விளக்கினால், விவசாயி கணக்கறிந்து இடுவார்.

3. வேண்டாத மருந்தை உரத்துடன் சேர்த்துத் திணியாமை. அன்று ஒரு புட்டி விற்கும். பின்னர் உறுப்பினர் வரமாட்டார்.

4. சரக்கு இல்லையெனில் உண்மையைக் கூறி, வரும் நாள் தெரிந்தால் சொல்லியனுப்புதல்.

இனிய சொல் மட்டும் போதாது. ரசீதும் சரியான இருப்புக் கணக்கும் அதனுடன் சேர வேண்டும். எனினும் கணக்குச் சரியாயிருந்தும் கடுஞ்சொல்லால் உறுப்பினரை இழந்தால், சங்கத்தின் வியாபாரம் குன்றும். பயிர்க்கடன் தரும் நமது சங்கமே வலுவிழக்கும்.

ஊராட்சி உறுப்பினர்களே, விவசாயிகளே! குறை கண்டால் சங்க நிர்வாகத்திடம் நேரே கூறுங்கள். நன்கு பணிபுரியும் விற்பனையாளரைப் பலர் அறியப் பாராட்டுங்கள். நாமும் அவரிடம் பண்புடன் பேசுவோமாக. சங்கம் நம்முடையது, அதன் நற்பெயரும் நம்முடையதே.