பாயிரமும் ஆய்வுச் சுருக்கமும்

முன்னுரை

நூலினுள் புகுவார்க்கு அந்நூல் எத்தகையது என அறிவித்து நிற்பது பாயிரம். ஆக்கியோன் யார், நூல் வந்த வழி யாது, அது வழங்கும் எல்லை எது, அதன் பெயரும் யாப்பும் யாவை, நுவலும் பொருள் என்ன, கேட்டற்குரியார் யாவர், கேட்பதனால் வரும் பயன் யாது என்னும் எட்டினையும் சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. இக்காலத்தில் மாநாடுகளுக்கு அனுப்பப்பெறும் ஆய்வுச் சுருக்கமும் ஏறத்தாழ இப்பணியையே செய்கின்றது. உடல் இயக்கமும் நலவாழ்வும் பற்றிய மாநாடுகளுக்குச் சுருக்கம் எழுத விழையும் மாணவர்க்குப் பயன்படும் சில செய்திகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

இத்துறையில் முதற்கண் தெளிய வேண்டியவை இரண்டு கலைச்சொற்கள். தசைகள் தொழிற்பட, ஆற்றல் செலவாகும் உடலசைவு அனைத்தும் ‘உடல் இயக்கம்’ எனப்படும். உடல்தகுதி கருதித் திட்டமிட்டு, மீண்டும் மீண்டும் செய்யப்படுவது ‘உடற்பயிற்சி’. 1985ஆம் ஆண்டில் காஸ்பர்சன் முதலியோர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தனர். கிணற்றில் நீர் இறைப்பதும் சந்தைக்கு நடப்பதும் உடல் இயக்கங்களே. அவை உடற்பயிற்சி ஆகா. ஒன்றைக் கூற வேண்டிய இடத்தில் மற்றொன்றைக் கூறின் சுருக்கம் முழுதும் மயங்கிவிடும்.

உடல் இயக்கமும் பொதுநலமும் பற்றிய பன்னாட்டு மாநாடு 2006இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தொடங்கியது. 2016இல் பாங்காக்கிலும் 2018இல் இலண்டனிலும் கூடியது. இத்துறையின் தொடக்க கால ஆய்வுகளுள் தலைசிறந்த ஒன்று தோன்றிய நகரும் அந்த இலண்டனே.

பேருந்து தந்த பாடம்

ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1949, 1950ஆம் ஆண்டுகளில் இலண்டன் போக்குவரத்துப் பணியில் இருந்த, 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆண்களின் நோய்க்குறிப்புகளை ஆராய்ந்தனர். இரட்டைத்தட்டுப் பேருந்தின் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்தே பணியாற்றுவார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க ஓயாது மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே வண்டி. எனினும், நடத்துநரிடையே இதயத் தமனி நோய் குறைவாகக் காணப்பட்டது. வந்த இடத்தும் அதன் கடுமை குறைந்திருந்தது. இம்முடிவுகள் 1953இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின.

மாரிஸ் அத்துடன் அமையவில்லை. ஓட்டுநராகச் சேர்ந்தவர் தொடக்கத்திலேயே வேறு உடல்வாகு உடையவராய் இருந்திருப்பின் என் செய்வது என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை காண, பணியாளர்க்கு வழங்கிய சீருடைகளின் அளவுகளை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். இளவயதிலேயே ஓட்டுநரின் இடுப்பளவு நடத்துநரின் அளவினும் மிகுந்திருந்தது. தம் கருத்தை நெகிழச் செய்யக்கூடிய இச்சான்றினை மறைக்காமல் 1956இல் அவர்களே வெளியிட்டனர். ஆய்வாளர் கொள்ள வேண்டிய நெஞ்சுரம் இதுவேயாகும்.

சுருக்கத்தின் உறுப்புகள்

மாநாட்டுச் சுருக்கம் பெரும்பாலும் 250 அல்லது 300 சொற்களுக்குள் அமைய வேண்டும். அதன் உறுப்புகள் நான்கு. மாரிஸ் ஆய்வினை அவ்வுறுப்புகளில் பொருத்திக் காண்போம்.

1. நோக்கம்: பணியிடத்து உடல் இயக்கத்திற்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என அறிதல்.

2. முறை: யாரை, எத்தனை பேரை, எக்காலத்தில், எவ்வாறு ஆராய்ந்தனர் என்பது. 31,000 ஆண்கள், 35–64 வயது, 1949–50 என்னும் எண்கள் இடம்பெறுவது இங்கேயாம்.

3. கண்டவை: நடத்துநரிடையே நோய் குறைவு என்பது. இப்பகுதியில் எண்கள் கட்டாயம் வேண்டும். ‘முடிவுகள் மாநாட்டில் விளக்கப்படும்’ என்று எழுதுவது வெற்றெனத் தொடுத்தல் என்னும் குற்றத்தின்பாற்படும்.

4. முடிபு: கண்டவற்றிலிருந்து எவ்வளவு கூறலாமோ அவ்வளவே கூறுதல்.

இவற்றோடு, மாநாட்டார் விதித்த சொல்லெண்ணிக்கை, இறுதி நாள், வாய்மொழியாக வழங்குவதா சுவரொட்டியாக வைப்பதா என்னும் விருப்பம், மனிதரிடம் செய்த ஆய்வாயின் அறநெறிக்குழுவின் ஒப்புதல் ஆகியவற்றையும் கருத வேண்டும். பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடுகளில், சுருக்கத்தின் உள்ளே கல்லூரியின் பெயரும் வரலாகாது.

மிகைபடக் கூறல்

நான்கனுள் மாணவர் பெரிதும் வழுவுவது முடிபில்தான். ஒரு மாணவர் தம் மஹல்லாவில் வீடுதோறும் சென்று வினவுகிறார். நாள்தோறும் நடப்பவரிடையே நீரிழிவு குறைவாக இருக்கக் காண்கிறார் என்று கொள்வோம். உடனே ‘நடைப்பயிற்சி நீரிழிவைத் தடுக்கிறது’ என முடிபு எழுதிவிடுகிறார். ஆனால் நோயின் தளர்ச்சியால் நடக்க இயலாது வீட்டில் அமர்ந்தோரும் இருக்கலாம் அன்றோ? ஒரே நாளில் கேட்டறிந்த செய்தியைக் கொண்டு எது முன், எது பின் என்று துணிதல் இயலாது. ‘நடப்பவரிடையே நீரிழிவு குறைவாகக் காணப்பட்டது’ என்பதே அவர் எழுதத்தக்கது.

‘தடுக்கும்’ என்னும் சொல்லை ஆள வேறு வகை ஆய்வு வேண்டும். சென்னை மருத்துவ அறிஞர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாக்கி, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். உணவிலும் உடல் இயக்கத்திலும் மாற்றம் செய்துகொண்ட பிரிவினருக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அங்கும் உணவு, இயக்கம் ஆகிய இரண்டும் இணைந்தே பயன் தந்தன என்பதை நோக்குக.

ஒரு சொல்லுக்கு இத்துணைக் கவலையா எனச் சிலர் வினவலாம். பேரன் எழுதிய சுருக்கத்தைப் படித்துக் காட்டக் கேட்ட பெரியவர் ஒருவர், ‘நடந்தால் போதுமே, மாத்திரை எதற்கு?’ என்று மருந்தை நிறுத்திவிட்டால் அவர் உயிருக்கு யார் பொறுப்பு? அறிஞர் அவையில் சொல்லப்பட்ட சொல் அவையோடு நிற்பதில்லை; வீடு வரை வந்துவிடுகின்றது.

முடிவுரை

தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று ஆதலின், சிறப்புப் பாயிரத்தை ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகிய பிறர் செய்தல் மரபு. ஆய்வுச் சுருக்கத்தையோ ஆய்வாளர் தாமே எழுத வேண்டியுள்ளது. மதிப்பிடுவோர் அவர் முகத்தையும் அறியார். வீடு வீடாகச் சென்று அவர் கேட்டதையும் கண்டிலர். அந்த 250 சொற்களை நம்பியே தீர்ப்பளிக்கின்றனர். ஆகவே அச்சொற்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகும். கண்டதைக் குறைக்காமலும் காணாததைக் கூட்டாமலும் உரிய இடத்தில் சேர்ப்பிப்பதே அதற்கு அவர் செய்யும் நீதி. சுருக்கம் எழுதப் புகும் நம் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக.