விலாசப் புத்தகமும் எழுத்துக் குறியீடும்



வாடிக்கைக்காரரின் பெயரும் விலாசமும் கடைக்கு முதலுக்கு நிகரான சொத்து என்பதை நாம் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. பேரேட்டில் இருந்த அச்சொத்து இன்று கணினியில் இருக்கிறது. அதை இடம் மாற்றும்போது நேரும் ஒரு நஷ்டத்தைப் பற்றி இங்கே ஆராய்வோம்.

கிள்ளானில் துணி வியாபாரம் செய்யும் நம் அன்பர் ஒருவர், எக்செல் கோப்பில் தமிழில் எழுதியிருந்த பெயர்களைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, மின்னஞ்சல் விலாசப் புத்தகத்தில் ஏற்றினார். பழைய கோப்பு இனி எதற்கென்று அழித்தும் விட்டார். நோன்புப் பெருநாள் வாழ்த்து அனுப்பும் வேளையில் பார்த்தால், பெயர் இருந்த இடமெல்லாம் கேள்விக் குறிகள்! தகப்பனார் காலம் முதல் சேர்த்த பெயர்கள் போனவை போனவைதாம்.

இதற்குக் காரணம் யாது? கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண் எந்த எழுத்து என்று கூறும் அட்டவணையே குறியீடு எனப்படும். அரபுத் தமிழ்க் கடிதத்தை அரபு மட்டும் அறிந்தவரிடம் கொடுத்தால், வாய் வாசிக்கும்; பொருள் விளங்காது. அட்டவணை மாறினால் கணினியின் கதியும் அதுவே.

1990களில் தமிழுக்கே டிஸ்கி, டாப் எனப் பல அட்டவணைகள் இருந்தன. இன்று பொதுவாக வழங்குவது யூனிகோடு. அதன் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள். 'கா' என்பதில் ககரமும் துணைக்காலும் சேர்ந்து 6 பைட்டுகள்.

கோளாறு இருவகை. மேலே சாய்கோடிட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்று மாறி மாறி வந்தால் அஞ்ச வேண்டாம். சரக்கு பத்திரம், வாசித்த முறைதான் தவறு. கேள்விக் குறிகளாகவே சேமிக்கப்பட்டிருந்தால், தமிழுக்கு இடமில்லாத அட்டவணையில் எழுதிவிட்டோம் என்று பொருள். அந்தக் கோப்பிலிருந்து பெயர்களை மீட்க இயலாது.

ஆகவே நாம் செய்ய வேண்டுவன:

1. மூலக் கோப்பை அழிக்கலாகாது.

2. எக்செலில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்னும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. பிறர் தந்த சிஎஸ்வி கோப்பை நேரே திறவாமல், 'டேட்டா' பகுதியின் வழியே வரவழைத்து, 65001 என்னும் எண்ணுள்ள யூடிஎஃப்-8 முறையைக் குறிக்க வேண்டும்.

4. பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

5. ஐந்து பெயர்களை மட்டும் முதலில் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும்.

சரக்கை எண்ணிப் பாராமல் ரசீதில் கையொப்பமிடுவோமா? பெயர்ப் பட்டியலுக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். பெயரைப் பிழையின்றி எழுதுவது வாடிக்கைக்காரருக்கு நாம் செய்யும் முதல் மரியாதை அன்றோ!